கூட யார் வருகிறார்கள்?

நீண்ட வார விடுமுறையில் தன்னந்தனியாகக் கடல் கடந்து போய், சுற்றிப் பார்த்துவிட்டு, விடுமுறை முடிந்த மறுநாள் காலையில் ஆபீஸ் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பற்றி ஒரு சிறப்புக் கட்டுரை

விடுமுறையின் முதல் நாள் இரவு, மணி ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மீனம்பாக்கம் பன்னாட்டு முனையத்தில், மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா புறப்பட்ட தாய்மார்களும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களும், உறங்கிப்போன குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்ட தம்பதிகளும், ஒரே நிறத் தொப்பி அணிந்து வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் நகரும் சுற்றுலாக் கூட்டத்தாரும் வளைந்து வளைந்து நிற்கின்ற இமிகிரேஷன் வரிசையில், முதுகுப் பை ஒன்றைத் தவிர வேறு மூட்டை முடிச்சு ஏதுமில்லாத, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, தம் முறை வந்ததும் பாஸ்போர்ட்டைக் கண்ணாடித் திறப்பின் வழியே நீட்டுகிறார்.

“எங்கம்மா போறீங்க?”

“பினாங்கு, சார்.”

“என்ன விஷயமா?”

“சும்மா, சுத்திப் பார்க்க.”

“கூட யார் வர்றாங்க?”

“யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்.”

அதிகாரி தாள்களைப் புரட்டுகிறார், திரும்பி வரும் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார், பிறகு, உத்தியோக முறைப்படி கேட்கவேண்டிய கேள்வியா, தகப்பனார் ஸ்தானத்திலிருந்து கேட்கிற கேள்வியா என்று பிரித்தறிய முடியாத குரலில், “வீட்டுக்குத் தெரியுமா?” என்கிறார்.

“தெரியும் சார். வெளியிலதான் நிக்கிறாங்க.”

முத்திரை விழுகிறது. இந்தச் சம்பாஷணை ஒரு நிமிஷ நேரங்கூட நீடிக்கவில்லை. ஆனால் தனியாகப் புறப்படுகிற ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், வீட்டுக் கூடத்தில் ஒரு தடவை, மேலதிகாரியின் அறையில் ஒரு தடவை, இரண்டு தேசங்களின் எல்லைகளிலும் ஒவ்வொரு தடவை, திரும்பி வந்த பிறகு சொந்தபந்தங்களிடம் பல தடவை என்று பதில் சொல்லித் தீர்க்கவேண்டிய விசாரணை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

காரியமில்லாத பிரயாணம்

கடல் கடப்பது தமிழர்களுக்குப் பழைய வழக்கம். காரியம் எதுவுமின்றிக் கடப்பதுதான் நமக்குப் பழக்கமில்லாதது. வட்டிக்கடை வைக்கப் பர்மாவுக்கும், பால்மரம் வெட்ட மலாயாவுக்கும், கொழுந்து பறிக்க இலங்கைக்கும், கரும்பு வெட்ட மொரீஷியஸுக்கும் பிஜிக்கும், பிற்காலத்தில் படிக்கவும் கணிப்பொறித் தொழில் பார்க்கவும் மேல்நாடுகளுக்கும் போனவர்களில் பெரும்பாலோர் குடும்பத்துக்காகவும் குடும்பத்தின் சம்மதத்தோடும் போனவர்கள். அவர்கள் தனியாகக் கப்பலேறினாலும் அவர்களுடைய பிரயாணம் தனிப் பிரயாணமாகக் கருதப்பட்டதில்லை. காந்தியடிகளைப் பற்றிய திரைப்படச் சுருள்களைத் தேடித் தேசம் தேசமாக அலைந்து, 1940-இல் அந்த ஆவணப் படத்தை வெளியிட்ட ஏ.கே. செட்டியாரைப் போன்ற அபூர்வப் பிரயாணிகளுக்குங்கூட மகத்தான ஒரு காரியம் இருந்தது. மற்றவர்கள் ‘ஆனந்த விகட’னில் மணியன் எழுதிய பிரயாணக் கட்டுரைகளை வாரந்தோறும் படித்துத் திருப்தியடைந்தார்கள்.

திருப்தியடைந்தார்கள் என்பதைவிட, வேறு வழி இல்லை என்பதே பொருந்தும். அந்நியச் செலாவணிக்குப் பெரும் பஞ்சம் நிலவிய காலத்தில், வெளிநாடு செல்லும் சாமானியனுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதிப் படிவம் வேண்டியிருந்தது. அவன் சட்டப்படி கையில் எடுத்துச் செல்லக்கூடிய தொகை எட்டு டாலர் என்று இருந்த ஆண்டுகளும் உண்டு. எட்டு டாலரை வைத்துக்கொண்டு உல்லாசமாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

───────────
பெட்டிச் செய்தி: கப்பலும் சட்டமும்

1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழர்களை ஏற்றிச் சென்றது. ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதன் பின்வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-இல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றது.

வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. மேனகா காந்தி வழக்கில், 1978 ஜனவரியில், அந்தச் சுதந்திரத்தை நியாயமான நடைமுறையின்றிப் பறிக்கலாகாது என்று நீதிமன்றம் இன்னும் அழுத்தமாகச் சொன்னது.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு திருமணச் சான்றிதழ் இணைக்கவேண்டும் என்ற நிபந்தனை 2016 டிசம்பரில் நீக்கப்பட்டது. கணவனின் அனுமதியோ கையொப்பமோ இல்லாமல் மனைவி பாஸ்போர்ட் பெறலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தெளிவுபடுத்தியது.
───────────

இந்தத் தீர்ப்புகளின் ஆண்டுகளைச் சற்றே ஊன்றிக் கவனித்தால், பிரஜைக்கு உரிமை இருக்கிறது என்பது 1967-இல் தீர்மானமாகிவிட்டபோதிலும், அந்தப் பிரஜை ஒரு மனைவியாகவும் இருந்துவிட்டால் கணவனுடைய கையொப்பம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு 2025 வரையில் நீதிமன்றப் படிகளில் காத்திருந்தது என்பது புலப்படும். விமானக் கட்டணம் குறைந்ததனால் மட்டும், காரியமின்றித் தனியே கடல் கடக்கும் இந்தப் புதிய பழக்கம் உண்டாகிவிடவில்லை.

விசா என்னும் வேலி தாழ்ந்ததும் ஒரு பிரதான காரணம். தாய்லாந்து 2023 நவம்பரிலிருந்தும், மலேசியா அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதியிலிருந்தும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தன. மலேசியா அந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரையில் நீட்டித்திருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் மீண்டும் கப்பல் ஓடத் தொடங்கியது. திருச்சி விமான நிலையத்துக்கு 2024 ஜனவரியில் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2024 டிசம்பர் 21 முதல் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானமும் வந்துவிட்டபின், ரஜூலாவில் ஒரு வாரம் போன தூரம் நான்கு மணி நேரத் தூரமாகிவிட்டது.

வீட்டில் சொல்வது

ஆனால் அந்த நான்கு மணி நேரத் தூரத்தைக் காட்டிலும், சாப்பாட்டு மேஜையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து “நான் தனியா போயிட்டு வரேன்மா” என்று சொல்வதற்குக் கடக்கவேண்டிய தூரமே பெரிது என்று இப்பிரயாணிகளில் பலர் கூறுவார்கள். “தனியாவா?” என்பது முதல் கேள்வி. “யாரையாவது கூட்டிக்கிட்டுப் போயேன்” என்பது இரண்டாவது. அது கேள்வி அன்று, தீர்ப்பு. “அங்க போய்த் தனியா என்ன பண்ணுவே?” என்பது மூன்றாவது, இதற்குத்தான் உண்மையில் பதில் இல்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னால் விஷயம் பாதி சுலபமாகிவிடுகிறது. பத்துமலை முருகனும் பினாங்குத் தண்ணீர்மலை முருகனும் எத்தனையோ தமிழ்ப் பெண்களுக்கு இந்த வகையில் துணை வந்திருக்கிறார்கள். ஆபீஸ் தோழிகளோடு கூட்டமாகப் போகிறோம் என்று பொய் சொல்லிப் புறப்படுகிறவர்களும் உண்டு. அதை நாம் சிபாரிசு செய்வதற்கில்லை. போன இடத்தில் ஏதேனும் ஆபத்து நேர்ந்தால், எங்கே இருக்கிறாள், எந்த ஓட்டலில் தங்கியிருக்கிறாள் என்பதே தெரியாமல் வீடு திண்டாடிப்போகும்.

ஆண்பிள்ளைகளுக்கு வேறு வகைச் சங்கடம். மகன் தனியாகப் பாங்காக் போகிறான் என்று கேள்விப்பட்டதும் பெரியப்பாக்களின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு தோன்றுகிறது. அந்தச் சிரிப்பின் அர்த்தத்தைப் புரிந்துகொண்ட தாயார், பெண் பார்க்கிற சமயத்தில் இந்த விஷயத்தை வெளியே விடாமல் மூடி மறைக்கிறாள். புத்தர் சந்நிதிகளையும் ஆற்றுப் படகுகளையும் மட்டுமே பார்த்துவிட்டு வந்த பரம சாதுவாகவே அவன் இருக்கலாம். நிரூபிப்பதற்குச் சாட்சி ஏது?

இவர்களைக் காட்டிலும் சுவாரசியமானவர்கள், அறுபது வயதைத் தாண்டிய சில அம்மாள்கள். பாஸ்போர்ட்டில் நான்கு அமெரிக்க முத்திரைகள் இருக்கும். நான்கும் பிரசவத்துக்குப் போனவை. நியூ ஜெர்ஸியில் ஆறு மாதம் இருந்தும் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பனி பெய்ததைத் தவிர வேறொன்றும் பார்த்ததில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்கிற இந்தப் பெண்மணிகளில் ஒருவர், பென்ஷன் பணத்தில், ஒரு நீண்ட வார இறுதியில், எவருக்கும் பத்தியச் சமையல் செய்யவேண்டிய அவசியமில்லாத ஒரு தேசத்துக்குப் போய்வருகிறார் என்றால், அதற்குக் காரணம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள்: “எங்க கிட்ட சொல்லியிருந்தா நாங்களே கூட்டிட்டுப் போயிருப்போமே!” அந்த வாக்கியத்தை அந்த அம்மாள் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தனியாகப் போகிறவர்கள் மெய்யாகவே தனியாக இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. வாட்ஸப்பில் தாம் இருக்குமிடத்தை நேரலையாகத் தெரியப்படுத்திவிட்டே அநேகர் புறப்படுகிறார்கள். தேசப்படத்தின் மீது ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு புள்ளியை மதுரையிலோ மாம்பலத்திலோ ஒரு தகப்பனார் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மணி நேரம் அது அசையாமல் நின்றுவிட்டால் உடனே தொலைபேசி மணி அடிக்கிறது. குளிக்கப் போயிருந்தேன் என்று பதில் வருகிறது.

வாசலில் நிற்கும் சந்தேகம்

குடும்பத்தின் கேள்விகள் பாசத்தால் எழுவன. அரசாங்கத்தின் கேள்விகளுக்கு வேறு சரித்திரம் உண்டு, அதனைத் தெரிந்துகொள்ளாமல், “என்னை ஏன் இத்தனை துருவினார்கள்?” என்று கோபித்துக்கொள்கிற பிரயாணி பாதி நியாயமே உடையவர்.

1983-ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில், குறிப்பிட்ட சில தேசங்களுக்கு வேலைக்குச் செல்ல முன் அனுமதி தேவை என்று குறிக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் வளைகுடா நாடுகளோடு மலேசியாவும் தாய்லாந்தும் இருக்கின்றன. ஏஜெண்டுகள் இந்தச் சட்டத்தைத் தாண்டுவதற்குக் கண்டுபிடித்த உபாயம், வேலைக்குப் போகிறவனைச் சுற்றுலாப் பிரயாணி வேஷத்தில் அனுப்பிவைப்பது. கணிப்பொறி வேலை என்று ஆசை காட்டித் தாய்லாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட நம் இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவடியில் இணையவழி மோசடிக் கும்பல்களின் கையில் அடிமைகளைப் போல அகப்பட்டுக்கொண்ட கொடுமை 2022-இல் வெளிவந்தது. அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். 2025 மார்ச்சில், அடுத்தடுத்து இரண்டு நாட்களில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானப் படையின் விமானங்களில் அங்கிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். ஆகையால், இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் தனியாக, சிறிய பையோடு, ஓட்டல் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டு பாங்காக் விமானத்துக்கு வந்து நின்றால், மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்கு மியாவடி நினைவுக்கு வருவது இயற்கை. அவன் சுற்றுலாப் பிரயாணியே என்பதை ஸ்தாபிக்கும் சாதனங்களோ சாமானியமானவை: திரும்பும் டிக்கெட், பணம் கட்டிய ஓட்டல் ரசீது, ஆபீஸில் லீவு கொடுத்த கடிதம்.

நம்முடைய ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. இதே கேள்விகள் எல்லோரிடமும் ஒரே தொனியில் கேட்கப்படுவதில்லை. ஆங்கிலத்தில் சரளமாகப் பதில் சொல்கிற கணிப்பொறி உத்தியோகஸ்தர் இரண்டு நிமிஷத்தில் கடந்துபோகிற இடத்தில், சேமித்த பணத்தில் ஊர் பார்க்கக் கிளம்பிய புதுக்கோட்டை மெக்கானிக் அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைக்கப்படுகிறார். சுற்றிப் பார்க்கும் ஆசைக்குக் கல்வித் தகுதி உண்டு என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. முன்கூட்டியே பதிவு செய்து, கைரேகையைக் கொடுத்துவிட்டால் இயந்திரக் கதவின் வழியாகவே போய்வரும் ஏற்பாடு 2025 ஜனவரியில் சென்னைக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் வந்துவிட்டது. அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்யத் தெரிந்தவர்கள் யார், இரண்டு நிமிஷத்தில் போகிறவரா, அரை மணி நேரம் நிற்பவரா என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குருவி என்னும் நிழல்

போகும்போது தொழிலாளியோ என்று சந்தேகிக்கப்பட்டவர், திரும்பும்போது குருவியோ என்று சந்தேகிக்கப்படுகிறார். திருச்சி, சென்னை விமான நிலையங்களின் சுற்றுவட்டாரத்தில் இந்தப் பெயரைத் தெரியாதவர் இல்லை. பிறர் சரக்கைக் கமிஷனுக்குச் சுமந்து, போன வேகத்தில் திரும்பிவருகிறவனே குருவி. சிங்கப்பூர் எலெக்ட்ரானிக் சாமான்களின் காலத்தில் அது பாதி ஊரறிந்த தொழிலாக நடந்து, பிற்காலத்தில் பெரும்பாலும் தங்கத்தின் பக்கம் திரும்பியது. தங்கத்தின் இறக்குமதித் தீர்வை 2024 ஜூலையில் 15 சதவிகிதத்திலிருந்து 6 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டபோது அந்த லாபம் சுருங்கிற்று. ஆனால் பாங்காக்கிலிருந்து உயர்ரகக் கஞ்சாவும், பெட்டிக்குள் அடைக்கப்பட்ட ஆமைகளும் பாம்புகளும் குரங்குக் குட்டிகளும் வந்து சென்னையில் பிடிபடுகிற செய்திகள் ஓய்ந்தபாடில்லை.

தனி ஆள், இரண்டு மூன்று நாள் வாசம், சிறிய பை, குறைந்த கட்டண விமானம், ஆறு மாதத்துக்குள் அதே மார்க்கத்தில் இரண்டாவது முறை. சுங்க அதிகாரியின் மனத்திலுள்ள குருவியின் சித்திரம் இது. நமது வார இறுதிப் பிரயாணியின் சித்திரமும் அட்சரம் பிசகாமல் இதுவேதான். எனவே பச்சை வழியில் நடந்துபோகிறவரை ஒரு கை மறித்து, பையை மறுபடி ஸ்கேனரில் போடச் சொன்னால், அதில் அவமானப்படுவதற்கு ஒன்றுமில்லை. அதிகாரியின் கணக்கு அது.

உண்மையான அபாயம் அந்த மேஜைக்கு முன்னதாக நேர்வது. புறப்படும் இடத்திலோ அயல் தேசத்து விமான நிலையத்திலோ, நம் ஊர்ச் சாயலுள்ள ஒருவர், மிகவும் மரியாதையாக, “தம்பி, நீங்க சின்னப் பைதானே வெச்சிருக்கீங்க? எனக்கு எடை கூடிப்போச்சு, இந்தப் பார்சலை மட்டும் எடுத்துட்டு வந்துடுங்க. வெளியில என் மச்சான் வந்து வாங்கிப்பான்” என்று கேட்பார். துணைக்கு ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தால், கையைப் பிடித்து இழுத்து வேண்டாம் என்று தடுத்திருப்பார்; தனியாக நிற்பவருக்குத் தாட்சண்யமே சத்துரு. போதைப் பொருள் கடத்தலுக்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மரண தண்டனை வரையில் விதிக்கச் சட்டம் இருக்கிறது. பார்சல் தம்முடையதன்று என்ற சமாதானம் எளிதில் எடுபடாது. உள்ளே இருப்பது தெரியாது என்பதை நிரூபிக்கும் பாரமும் சுமந்தவர் தலையிலேயே விழும்.

பினாங்கில் ஒரு பகல்

இத்தனை சங்கடங்களுக்கும் அப்பால் அங்கே கிடைப்பதுதான் என்ன?

நள்ளிரவுக்குப் பின் சென்னையில் ஏறிய பிரயாணி, இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற மலேசியக் கடிகாரத்தின்படி காலை வேளையில் பினாங்கில் இறங்கி, அரைத் தூக்கத்தோடு ஜார்ஜ் டவுனுக்கு வந்து சேர்கிறார். மலாக்காவோடு சேர்த்து 2008-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்தப் பழைய துறைமுகப் பட்டணத்தில், 1833-ஆம் ஆண்டுக் காலத்து மகாமாரியம்மன் கோயிலிலிருந்து, தமிழ் முஸ்லிம் தலைவர் ஒருவரின் பெயரால் வழங்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நடந்தே போய்விடலாம். இடையில் சீனர் கோயிலின் ஊதுவத்திப் புகையும், மசாலை அரைக்கிற கடையின் நெடியும், இசைத்தட்டுக் கடையின் தமிழ்ப் பாட்டும் வழிமறிக்கும். அயல் தேசம் என்ற பயம் அங்கேயே பாதி தெளிந்துவிடுகிறது. “பசியாறியாச்சா?” என்று முன்பின் அறியாத ஒருவர் தமிழில் விசாரிக்கிற ஊரில் தனிமை முழுமையானதாக இருக்க முடியாது, முதல் முறை தனியே கிளம்புகிறவர்கள் பினாங்கையும் யாழ்ப்பாணத்தையும் தேர்ந்தெடுப்பதில் ஒரு விவேகம் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். மொழி தெரியாத தேசத்துக்குப் போவதுதான் சாகசம் என்று வாதிப்பவர்கள் வாதிக்கட்டும்.

நாசி கண்டார் கடை வாசலில் நீளும் வரிசையில் நம் பிரயாணி நிற்கிறார். முற்காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடித் தண்டில் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற சாப்பாடு இது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மீன் தலைக் கறி, கணவாய், முழு வெண்டைக்காய், கோழிப் பொரியல், அவித்த முட்டை எல்லாம் தட்டுத் தட்டாக இருக்கின்றன. தட்டில் சோற்றைக் கவிழ்த்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அந்தச் சட்டியில் அரைக் கரண்டி, இந்தச் சட்டியில் ஒரு கரண்டி என்று நான்கைந்து குழம்புகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் சோறு மூழ்கும்படி ஊற்றுகிறார். “ஊர்ல எங்கம்மா?” என்கிறார். திருநெல்வேலிப் பக்கம் என்றதும், “நமக்குக் கடையநல்லூர், தாத்தா காலத்துல வந்தது” என்று சொல்லிவிட்டு, கணவாய்த் துண்டு ஒன்றை அதிகமாக வைக்கிறார். கணக்கை ரிங்கிட்டில் சொல்வதில்லை. “பன்னெண்டு வெள்ளி” என்கிறார்.

தட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் தனியாக வந்ததன் முதல் பிரச்சினை தலைகாட்டுகிறது. உட்கார இடம் பிடித்து வைக்க ஆள் இல்லை. எதிரே இடமிருக்கிற ஒரு மேஜையில், அறிமுகமில்லாத சீனக் கிழவர் ஒருவருக்கு எதிரில் அமர்ந்தாகவேண்டும். கை கழுவப் போகவேண்டும் என்றால் பாஸ்போர்ட்டும் பணமும் உள்ள பையை யார் பார்த்துக்கொள்வது? எச்சிற் கையோடு பையையும் தோளில் மாட்டிக்கொண்டு குழாயடிக்குப் போய் வருகிறார். திரும்பி வருவதற்குள் தட்டை எடுத்துவிடப்போகிறார்களே என்ற கவலை வேறு. எதிரே இருந்த கிழவர், தட்டை எடுக்க வந்த பையனைக் கையமர்த்தித் தடுத்து வைத்திருக்கிறார். நன்றி சொன்னதற்கு அவர் தலையை அசைத்துவிட்டுத் தம் தேநீரைக் குடிக்கிறார்.

தனிப் பிரயாணத்தின் சுகங்கள் என்று வர்ணிக்கப்படுகிற அநேக விஷயங்கள் மிகைப்படுத்தப்பட்டவை. மலையேறும் ரயிலில் போய் உச்சியில் நின்று பார்க்கும் காட்சி, துணைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே காட்சிதான். ஆனால், பிற்பகல் முழுவதும் எதையும் பார்க்காமல் படகுத்துறைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதென்று தீர்மானித்து, அதற்காக ஒருவருக்கும் சமாதானம் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது, கூட்டுக் குடும்பத்தின் பஸ் பிரயாணங்களிலும் ஆபீஸ் சுற்றுலாக்களிலும் வளர்ந்த ஒருவருக்கு மெய்யாகவே புதிய அனுபவம். இரவில் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தியதும், அன்று முழுவதும் இருபது வாக்கியங்களுக்கு மேல் பேசவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. சிலருக்கு அது நிம்மதியாக இருக்கிறது. சிலர் உடனே வீட்டுக்கு வீடியோ கால் போடுகிறார்கள்.

───────────
பெட்டிச் செய்தி: புறப்படுமுன்

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா வேண்டாம் என்பதற்குப் படிவமே வேண்டாம் என்று பொருளன்று: மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேருமுன் மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையைப் பூர்த்தி செய்யவேண்டும், தாய்லாந்திலும் 2025 மே முதல் தேதியிலிருந்து இதே ஏற்பாடு. அரசாங்கத் தளங்களில் இவை இலவசம். பணம் கேட்கிற தளம் போலி. சிங்கப்பூருக்கு இந்தியர்கள் விசாவும் பெறவேண்டும்.

டிக்கெட், ஓட்டல் ரசீது, இன்ஷூரன்ஸ், பாஸ்போர்ட் முதற்பக்கம் ஆகியவற்றின் காகிதப் பிரதி ஒன்று பையில் இருக்கட்டும். எல்லாம் செல்போனுக்குள் இருக்கிறது என்று கிளம்புகிறவருக்கு, செல்போன் தொலைந்தால் எல்லாமே தொலைந்துவிடும்.
───────────

சனிக்கிழமையின் அபாயம்

பாஸ்போர்ட் தொலைவது எந்நாளிலும் துன்பந்தான். விடுமுறை வார இறுதியில் தொலைவது அதன் உச்சம். போலீஸில் புகார் கொடுத்து, இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் பெற்று, அந்தத் தேசத்தின் குடியேற்ற இலாகாவிடமும் வெளியேறும் அனுமதி வாங்கினால்தான் விமானம் ஏற முடியும். தூதரக அலுவலகங்களோ சனியும் ஞாயிறும் வழக்கமாகத் திறப்பதில்லை. பினாங்கில் தொலைத்தவர் கோலாலம்பூர் வரையிலும் போகவேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு விமானம் அவரை விட்டுவிட்டுப் போய்விடும்; மேலதிகாரிக்குத் திங்கட்கிழமை காலையில் போன் செய்யவேண்டும்; கடைசி நேர டிக்கெட்டின் விலையோ, முதலில் வாங்கிய போக வர டிக்கெட்டைத் தூக்கி விழுங்கிவிடும். குடும்பமாகப் போயிருந்தால் ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் ஓட்டலைக் கவனித்துக்கொள்ளலாம். தனி ஆளுக்கோ, சாதாரண வயிற்றுப்போக்கு வந்தால்கூட எலெக்ட்ரால் வாங்கிவர ஆளில்லாத ஸ்திதி இது.

செலவிலும் தனி ஆளுக்குச் சலுகை இல்லை. ஓட்டல் அறைக்கு இருவருக்கும் ஒருவருக்கும் அநேகமாக ஒரே வாடகை, டாக்ஸிக்கும் அப்படியே. டார்மிட்டரிக் கட்டில் மலிவு. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் மாடிக் கட்டிலில் ஏறிப் படுப்பதற்கு ஆசை மட்டும் போதாது. கிரெடிட் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்நியச் செலாவணிக் கட்டணமாக மூன்றரை சதவிகிதம் வரை சில வங்கிகள் பிடித்துக்கொள்கின்றன. இலங்கையில் 2024 பிப்ரவரியிலிருந்து நம் யு.பி.ஐ. செல்லுகிறது என்பது யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம்.

பைக்குள் இடமில்லை

இந்தப் புதிய பழக்கத்தால் மெய்யாகவே நொந்துபோயிருப்பவர்கள் அத்தைகளும் சித்திகளுந்தான். மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ போனவர் கோடாலித் தைலமும் மைலோ டப்பாவும் சாக்லேட்டும் வாங்கி வந்து, தெரு முழுவதும் இல்லாவிட்டாலும் ஒன்றுவிட்ட உறவு வரையிலாவது விநியோகிக்கவேண்டும் என்பது மூன்று தலைமுறைச் சம்பிரதாயம். ஏழு கிலோ கைப்பையோடு போய், ஏழு கிலோ கைப்பையோடு திரும்புகிற இந்தப் பிரயாணிகள் அதைக் கூசாமல் முறித்துவிட்டார்கள். விமானத்தில் திரவம் கொண்டுவரக்கூடாது என்று ஒரு சாக்குச் சொல்லுகிறார்கள். நூறு மில்லிக்கு உட்பட்ட சீசாவைத் தாராளமாகக் கையிலேயே கொண்டுவரலாம். கோடாலித் தைலத்தில் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற பெரிய சீசாவே 56 மில்லிதான். விவரம் தெரிந்த அத்தைகள் அதையும் விசாரித்து வைத்திருக்கிறார்கள்.